கலங்கலின் ஊற்றுக்கண் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கொழும்பின் கால்வாய்களைப் பற்றி இப்பகுதியில் அண்மையில் வெளிவந்த சிறு குறிப்பொன்றுக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை குப்பையையும் நாற்றத்தையும் பற்றியவை. ஆனால் சில வாசகர்கள், பலரும் மாசு என்றே கருதாத ஒன்றை, அதாவது மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நீரில் கலந்து ஓடும் மண், குப்பையைவிடச் சத்தமின்றி ஒரு நீரோடையைக் கொன்றுவிடக்கூடியது என்பதால், அக்கடிதங்களுக்கு மட்டும் இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு கால்வாயோரத்தில் உள்ளது. மழை தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் தண்ணீர் பால்தேநீர் நிறமாகிவிடுகிறது. பெக்கோ இயந்திரம் வந்து சேற்றை அள்ளிக் கரையில் போட்டுவிட்டுப் போகிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் கால்வாய் பழையபடி தூர்ந்துவிடுகிறது. தூர்வாரும் முறையில் பிழையா, அல்லது சேறு எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறதா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: இரண்டும் நடக்கின்றன, ஆயினும் இரண்டாவதே மூலகாரணம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அடுத்த முறை கால்வாய் கலங்கி ஓடும்போது, நேரான கண்ணாடிப் போத்தல் ஒன்றில் அந்நீரை நிரப்பி அசையாத இடத்தில் வைத்துவிட்டுச் சற்று நேரம் கவனித்திருங்கள். பத்தில் ஒரு மில்லிமீற்றர் பருமனுள்ள நுண்மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்குவதற்கு ஏறத்தாழ 2 நிமிடங்களே எடுக்கும். ஆகவே உங்கள் போத்தலில் அது கண்ணெதிரிலேயே அடியில் படிந்துவிடும். நூறில் ஒரு மில்லிமீற்றர் பருமனுள்ள வண்டலுக்கு அதே ஆழம் இறங்க 3 மணித்தியாலங்கள் வேண்டும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீற்றரே உள்ள களிமண் துகளுக்கோ ஏறக்குறைய 13 நாட்கள் பிடிக்கும். துகளின் பருமன் பத்து மடங்கு குறையும்போது அது படியும் வேகம் நூறு மடங்கு குறைந்துவிடுகிறது. மண் ஒருமுறை நீரில் கலந்துவிட்டால், அதிலும் களிமண் கலந்துவிட்டால், அதைப் பிறகு பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் போத்தலே உங்களுக்குச் சொல்லிவிடும்.

அது இன்னொன்றையும் சொல்லும். முதலில் படிவது பரும்படியான மணலாயின், தெருவோரத்தில் மூடாமல் குவிக்கப்பட்ட கட்டட மணல் அருகில் எங்கோ இருக்கிறது. கறுத்த சேறாயின், வீதி அழுக்கும் வடிகானில் அழுகிய பொருட்களும் வருகின்றன. மறுநாள் காலையிலும் நீர் செம்மண் நிறமாகவே இருக்குமானால், யாரோ எங்கோ கபுக் எனப்படும் செம்பூரான் மண்ணைத் தோண்டித் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். உங்கள் கால்வாயின் நீரேந்துப் பிரதேசம் உங்கள் தெருவுடன் முடிவதில்லை. தியவன்னா ஓயாவின் பக்கமிருந்து கிருலப்பனைக் கால்வாய் வழியாக வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலைத் தேடிவரும் அந்த நீர், இடைவழியில் உள்ள ஒவ்வொரு கூரையின் மழையையும், ஒவ்வொரு அத்திவாரக் குழியின் மண்ணையும் ஏற்றுக்கொண்டே வருகிறது.

மழை முடிந்ததும் அந்த மண் ஏன் உங்கள் வீட்டருகிலேயே தங்கிவிடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. கொழும்பின் நிலம் ஏறக்குறையத் தட்டையானது. நீருக்கு வேகம் குறைவு. அத்துடன் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்னேற்றம் கொண்டிருப்பதால்தான் நன்னீரில் தனித்தனியாக மிதக்கின்றன. கடல்நீரின் உப்புடன் சேரும்போது அந்த மின்னேற்றம் தணிந்து, துகள்கள் திரண்டு, கனத்து, கீழே விழுகின்றன. கடலுடன் சேரும் இடத்தை அண்டிய கால்வாய்ப் பகுதிகளில் சேறு விரைவாகத் திரள்வது இதனாலும்தான்.

இனித் தூர்வாரலுக்கு வருவோம். அள்ளிய சேற்றைக் கரையிலேயே விட்டால் அடுத்த மழை அதைத் திருப்பி ஒப்படைத்துவிடும் என்பது வெளிப்படை. அதைவிடப் பெரிய பிழை, கரையின் அடிப்பகுதியைச் செங்குத்தாக வெட்டிவிடுவதாகும். அடி பிடுங்கப்பட்ட கரை சில மழைகளுக்குள் சரிந்து விழும்போது, அள்ளிய அளவுக்கு மண் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. நடுப்பகுதியை மட்டும் ஆழமாக்கி, கரையோரப் புல்லையும் நாணலையும் ஒரு பக்கத்திலாவது விட்டுவைத்து, சேற்றை லொறியில் அப்புறப்படுத்துவதே முறை. ஒரு வேண்டுகோள்: அந்தச் சேற்றை வீட்டுத் தோட்டத்துக்குப் பசளையாக எடுத்துச் செல்லாதீர்கள். நகர வீதிகளிலிருந்து வரும் எண்ணெயும் உலோகங்களும் நுண்ணிய துகள்களில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வி: அத்துருகிரியவில் 10 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டத் தொடங்கியுள்ளோம். எங்கள் காணியிலிருந்து மண் ஓடி வடிகான் அடைபட்டுவிட்டதென்று அயலவர்கள் முறையிடுகிறார்கள். இவ்வளவு சிறிய காணியிலிருந்து அப்படி எவ்வளவு மண் போய்விடும்? தடுப்பதற்கு என்ன செய்யலாம்? (அத்துருகிரிய வாசகர்)

பதில்: கணக்கைப் பார்த்தால் அயலவர்களின் முறைப்பாடு நியாயமானதென்று நீங்களே சொல்வீர்கள். 10 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதில் ஒரு சென்ரிமீற்றர் மண் மட்டும் கழுவப்பட்டாலும் இரண்டரைக் கனமீற்றர், அதாவது நீங்கள் மணல் வாங்கும்போது சொல்கின்ற ஒரு கியூபுக்குச் சற்றுக் குறைவான அளவு, மூன்று தொன்னுக்கு மேற்பட்ட எடை, வடிகானுக்குப் போய்விடுகிறது. ஒரு விரலின் தடிப்பளவுகூட இல்லாத இந்த இழப்பு காணியில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வடிகானில் நிற்பவருக்குத்தான் தெரிகிறது.

மண்ணைப் பெயர்ப்பதில் ஓடும் நீரைப் போலவே விழும் துளிக்கும் பங்குண்டு. 5 மில்லிமீற்றர் பருமனுள்ள ஒரு மழைத்துளி செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் தரையை மோதுகிறது. வெறுந்தரையில் அது ஒரு சிறு சம்மட்டியின் அடி. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் ஒரு நகரத்தில், நிலத்தை மூடி வைப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை. ஆகவே முதலாவதாக, முழுக் காணியையும் ஒரே நாளில் வழித்துத் துப்புரவாக்குமாறு ஒப்பந்தக்காரரிடம் சொல்லாதீர்கள்; அத்திவாரம் வெட்டும் இடத்தை மட்டும் திறந்து, மிகுதிப் புல்லை அப்படியே விடுங்கள். வைகாசி முதல் வீசும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பிற்பகல் இடிமழைகளையும் தவிர்த்து மண்வேலையைத் திட்டமிட முடியுமானால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மணல் குவியலையும் தோண்டிய மண்ணையும் காணியின் மேட்டுப் பகுதியில், வடிகானிலிருந்து எட்ட வைத்து, ஒவ்வொரு மாலையும் படங்கினால் மூடிக் கல் வைத்துவிடுங்கள்.

தாழ்வான ஓரத்தில் தும்பு விரிப்பினாலோ சணல் சாக்கினாலோ ஒரு தடுப்பு வேலி அமைக்கலாம். பலரும் இதைச் செய்கிறார்கள். பலரும் ஒரே பிழையை விடுகிறார்கள். வேலியின் அடிப்பகுதியை ஒரு சாண் ஆழமாவது மண்ணுக்குள் புதைத்து மிதித்து இறுக்காவிட்டால், நீர் அதன் கீழாலேயே நுழைந்து போய்விடும். வேலி வெறும் அலங்காரமாக நிற்கும். வேலியின் இரு முனைகளையும் மேட்டுப் பக்கமாகச் சற்று வளைத்துவிட்டால் நீர் தேங்கி மண் படியும். வாயிலில் லொறி ஏறி இறங்கும் இடத்தில் சல்லிக்கல் பரப்பிவிட்டால் சில்லுகளில் ஒட்டிய மண் வீதிக்கு வராது. சீமெந்துக் கலவை இயந்திரத்தைக் கழுவும் நீரை மட்டும் எக்காரணத்துக்காகவும் வடிகானில் விட இடமளிக்காதீர்கள். அதன் காரத்தன்மை மீன்களின் செவுள்களை எரித்துவிடும் அளவுக்குக் கடுமையானது. காணிக்குள் ஒரு குழி வெட்டி அதில் ஊற்றிவிடும்படி மேசன்மாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மண் இயற்கையான பொருள்தானே, நஞ்சு அல்லவே? அது மீன்களுக்கு எப்படித் தீங்கு செய்யும்? (கொட்டாஞ்சேனை மாணவி)

பதில்: நல்ல கேள்வி, மகளே. மண் நஞ்சல்ல, ஆனால் சோறும் நஞ்சல்ல, அது மூச்சுக்குழாயில் போனால் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். ஓடையின் மூச்சுக்குழாய் அதன் அடியிலுள்ள கற்களுக்கு இடைப்பட்ட வெளிகளே ஆகும். சுத்தமான ஓடையில் நீர் கற்களின் மேலாக மட்டுமன்றி அவற்றின் ஊடாகவும் ஓடி, அங்கு ஒளிந்திருக்கும் பூச்சிகளின் இளம்பருவங்களுக்கும், கல்லிடுக்கில் இடப்பட்ட முட்டைகளுக்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்கிறது. நுண்ணிய வண்டல் அந்த வெளிகளை அடைத்ததும் முட்டைகள் மூச்சின்றி அழிகின்றன, பூச்சிகள் மறைகின்றன, அவற்றை உண்ணும் மீன்கள் பசியால் குறைகின்றன. தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிடும். ஆனால் அடித்தளம் அடைபட்டபடியே இருக்கும். பார்ப்பவருக்கு ஓடை அழகாகத் தோன்றும்.

களனி கங்கையின் கிளையோடைகளில் இலங்கைக்கே உரிய சிறு மீன்கள் வாழ்கின்றன. முன்னுடல் செம்மை பூத்து நிற்கும் ஒரு மீனை, வெற்றிலை மென்றதுபோல் இருப்பதால் சிங்களத்தில் 'புலத் ஹபயா' என்று அழைப்பார்கள். இரத்தச் சிவப்பான 'லே தித்தெயா' இன்னொன்று. உலகெங்கும் மீன் தொட்டிகளில் நீந்தும் இவற்றின் பிறந்தகம் களனி முதல் நில்வளை கங்கை வரையான ஈரவலயத்தின் நிழல் படர்ந்த, தெளிந்த ஓடைகளாகும். இணை சேரும் காலத்தில் ஆண் மீன் தன் நிறத்தைக் காட்டித்தான் பெண் மீனை அழைக்கிறது. நீர் கலங்கிக் கிடந்தால் அந்த அழைப்பு எப்படிப் போய்ச் சேரும்? கல்லில் ஒட்டிப் பாசியை மேயும் 'கல் பாண்டியா'வின் மேய்ச்சல் நிலமோ சேற்றுப்படையால் மூடப்படுகிறது. கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடவுக்கு அருகில், றப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே ஓடும் ஒரு சிற்றோடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 1991இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான பந்துல என்ற மீனினம், உலகில் மிகக் கடுமையாக அச்சுறுத்தப்பட்ட மீன்களில் ஒன்று. ஒரேயொரு ஓடையை நம்பி வாழும் இனத்துக்கு, அந்த ஓடைக்கரையில் செய்யப்படும் ஒரு பிழையான மண்வேலை எத்தகைய ஆபத்து என்பதை நீயே எண்ணிப் பார்.

கேள்வி: கங்கை கலங்கினால் எங்கள் குழாய்நீர் கெட்டுவிடுமா? (வத்தளை வாசகர்)

பதில்: சுத்திகரிப்பு நிலையம் அதைத் தடுத்து நிறுத்துகிறது, ஆனால் இலவசமாக அல்ல. அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படும் நீரில் மிதக்கும் களிமண்ணைத் திரளச் செய்வதற்கு அலுமினிய உப்புகள் சேர்க்கப்படுகின்றன. நம் வீடுகளில் கலங்கல் நீர்க் குடத்தில் சீனக்காரத்தைச் சுழற்றியதும், அதற்கு முன் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதே வேலையைத்தான் செய்தன. கலங்கல் கூடக்கூட இரசாயனமும், வடிகட்டியைக் கழுவும் நீரும், அகற்ற வேண்டிய சேறும் கூடுகின்றன. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் கலங்கலுக்கு 2 அலகு என்ற மேலெல்லையை வைத்திருக்கிறது. பெருமழைக்குப் பிந்திய கங்கை நீரை அந்த எல்லைக்குள் கொண்டுவருவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமென்று யோசியுங்கள். இதற்கு நேர்மாறான உதாரணம் களனியின் அதே வடிநிலத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்புக்காக லபுகமவில் நீர்த்தேக்கத்தைக் கட்டியவர்கள், அதைச் சூழவுள்ள காட்டையும் காப்புக்காடாக வைத்தார்கள். அந்தக் காடும் ஒரு சுத்திகரிப்பு நிலையந்தான்.

கேள்வி: கொழும்பில் வெள்ளம் வந்தாலும், ஆறு கலங்கினாலும், மலையகத்துத் தோட்டங்களையே குறை சொல்கிறார்கள். நான் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஓடையோரத்தில் எனக்கென்று சிறு காணி உண்டு. கரை ஒவ்வோர் ஆண்டும் இடிந்துகொண்டு வருகிறது. எங்கள் மீதுதான் பிழையா? நான் என்ன நடலாம்? (எட்டியாந்தோட்டை வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. வெள்ளவத்தைக் கால்வாயின் சேற்றுக்கு எட்டியாந்தோட்டை பொறுப்பல்ல என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்புக் கால்வாய்களின் மண் பெரும்பாலும் கொழும்பின் மண்ணே. களனி கங்கையின் கலங்கலில் மலைச்சரிவுகளுக்குப் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் அந்தப் பங்கு தொழிலாளர்கள் விரும்பி ஏற்றதன்று. காட்டை அழித்துச் செங்குத்தான சரிவுகளில் முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நட்டவர்கள், ஒரு புல்கூட இருக்கக்கூடாதென்று சுரண்டியால் நிலத்தைச் சுரண்டச் சொன்னார்கள். மேல்மண் ஆற்றோடு போயிற்று. அந்த இழப்பின் பாரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் நீங்கள். இந்நாட்டின் மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டபோது, மலைநாட்டின் மண்ணில் பெரும்பகுதி ஏற்கனவே கீழே இறங்கிவிட்டிருந்தது.

மாற்றுவழிகளைப் படித்தவர்களைவிட நீங்கள் நன்கறிவீர்கள். சமவுயரக் கோட்டில் கான் வெட்டி, இடையிடையே தடுப்பு விட்டு, நீர் தங்கி மண்ணை விட்டுவிட்டு நகரும்படி செய்வது தோட்டத்தின் பழைய கைவேலை. கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் வேலை, முடிந்தபின் வெட்டிய கிளைகளை அங்கேயே நிரைகளுக்கிடையில் பரப்பி விட்டால், அடுத்த மழையின் அடியை அவை தாங்கும். விறகுக்கு வேறு வழியில்லாத குடும்பங்கள் அவற்றை எடுத்துச் செல்ல வேண்டியிருப்பதையும் நான் அறிவேன். சரிவில் விறகுக்கும் மூடுபடைக்கும் சேர்த்துக் கிளிரிசீடியா நிரைகளை வளர்ப்பது இதற்கு ஒரு தீர்வாக முடியும். பழைய தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்யுமுன் ஒன்றரை முதல் இரண்டாண்டு வரை மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்க்கும் வழக்கத்தைச் செலவு மிச்சமென்று கைவிட்ட இடங்களில் மண் எப்படிப் போகிறதென்று உங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள்.

உங்கள் ஓடைக்கரைக்கு வருகிறேன். கரை இடிவதற்கு மேற்பரப்பைப் பார்க்காதீர்கள். நீர் கரையின் அடியைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த அடி நிலைக்கும்வரை மேலே நடுவது எதுவும் நிலைக்காது. வளைவின் வெளிப்புறத்தில், அதாவது நீர் வந்து மோதும் பக்கத்தில், அவ்விடத்துப் பெருங்கற்களைச் சற்றே உள்ளே புதைத்து அடியை உறுதிப்படுத்துங்கள். அதற்கு மேலே வெட்டிவேரை ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் நிரையாக நட்டால், 3 மீற்றர் ஆழம் வரைகூட இறங்கும் அதன் வேர்கள் சரிவைத் தைத்து நிறுத்தும். வெட்டிவேர் காவலாளி மட்டுமே. குடியிருக்கப் போவது மரங்கள். ஓடையோரத்துக்கு மருதைவிட உகந்த மரத்தை நான் அறியேன். வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாமல், வேர்களை நீருக்குள்ளேயே பின்னலாக விட்டு, அந்தப் பின்னலில் மீன்குஞ்சுகளுக்கு இடமும் கொடுக்கும் மரம் அது. புங்கையும் தாழையும் அதற்குத் துணை. மண் மிகவும் தளர்ந்த இடத்தில் மூங்கிலும் நன்று. ஆனால் ஒடுங்கிய ஓடையில் நட்டால் பெருத்த மூங்கிற்புதர் நீரின் வழியை மறித்து எதிர்க்கரையை இடித்துவிடும். ஓடையிலிருந்து சில அடிகளுக்குள் களைநாசினி தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். ஆடு மாடு இறங்க ஒரேயோர் இடத்தைக் கல் பரப்பி ஒதுக்குங்கள். இரண்டு பருவமழைகள் கடக்கும்வரை பொறுமை வேண்டும்.

கேள்வி: ஆற்றில் மண் சேர்வதுதான் பிரச்சினை என்றால், மணல் அகழ்வதால் நன்மைதானே? (மட்டக்குளி வாசகர்)

பதில்: தர்க்கம் சரிபோலத் தோன்றினாலும் ஆறு அதை ஒப்புக்கொள்வதில்லை. களனிக்கு இருப்பது இரட்டைத் துன்பம்: நுண்மண் மிகுதி, மணல் பற்றாக்குறை. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் மேலிருந்து வரும் மணலைத் தடுத்து வைத்துக்கொள்கின்றன. களிமண் பெருமளவுக்கு அவற்றைத் தாண்டி வந்துவிடுகிறது. கீழே மிஞ்சிய மணலையும் அள்ளும்போது ஆற்றின் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் கரை உயரமாகி இடிகிறது. இடியும் கரை இன்னும் களிமண்ணைத் தருகிறது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் மேலும் மேலும் ஏறி, அம்பத்தலேயில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே உப்பு வந்துவிடுமளவுக்கு நிலைமை முற்றியதால், அங்கே தடுப்பணை தேவைப்பட்டது. உங்கள் மட்டக்குளியில் கடலுடன் சேரும் ஆறு, தன் மணலைக் கொண்டுதான் வடக்கே உள்ள கடற்கரைகளைப் போஷித்து வந்தது. புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கப் பணியகத்தின் உரிமமின்றி மணல் அகழ்வது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம்; உரிமம் இருந்தாலும் ஆற்றின் கணக்கு வேறு.

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் வளர்த்த 'டேங்க் கிளீனர்' மீன் பெருத்துவிட்டது. தியவன்னா ஓயாவில் விட்டால் அதுவும் பிழைக்கும், ஓயாவும் சுத்தமாகும் அல்லவா? (இராஜகிரிய வாசகர்)

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அந்த மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. முட்டையிடுவதற்காகக் கரையில் ஆழமான வளைகளைத் தோண்டும். பல மீன்கள் சேர்ந்து தோண்டிய கரை சல்லடையாகிச் சரிந்துவிடும். பெயரில்தான் அது துப்புரவாளர். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

கேள்வி: கரையோரம் முழுவதும் கொங்கிரீட் சுவர் கட்டிவிட்டால் மண் சரிவது நின்றுவிடுமே? (தெஹிவளை வாசகர்)

பதில்: வீடுகள் நீரின் விளிம்பு வரை நெருங்கிவிட்ட இடங்களில் சுவரைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இடமிருக்கும் இடத்திலும் சுவர் கட்டுவது பெரும் இழப்பு. வழவழப்பான சுவர்களுக்கிடையில் நீர் வேகமெடுத்து, சுவர் முடியும் இடத்தில் உள்ள கரையைப் பிடுங்கும்; நிழலின்றி நீர் சூடாகும்; இறங்கி ஏறச் சரிவில்லாததால் எந்த உயிரும் அங்கே தங்காது. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான றம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட முதல் 18 நகரங்களுள் ஒன்றாயிற்று. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் ஒரு தலைநகரத்தின் நடுவே இன்னமும் நடமாடுகின்றன என்றால், அவற்றுக்குச் சரிவான, புல் படர்ந்த கரை எங்கோ மிஞ்சியிருப்பதால்தான். பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுதில் போய், கலங்கிய நீர் நாணலுக்குள் நுழைந்து எவ்வாறு மெல்லத் தெளிகிறது என்று பாருங்கள். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகம்வரை வெள்ளம் ஏறியதற்குப் பின்னர்தான், சதுப்புநிலங்கள் மண்ணை மட்டுமல்ல, வெள்ளத்தையும் பிடித்து வைக்கின்றன என்பதைத் திட்டமிடுவோரும் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஒரு சிற்றோடை உண்டு. அதை மீட்டெடுக்க மாணவர்கள் ஆவலாக இருக்கிறார்கள். மீன்குஞ்சுகளை வாங்கி விடுவதிலிருந்து தொடங்கலாமா? (அவிசாவளை ஆசிரியை)

பதில்: மீன்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ரீச்சர்; அல்லது பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஓடை கங்கையுடன் தொடர்புற்றிருந்தால், தங்கக்கூடிய இடமாக அது மாறியதும் மீன்கள் தாமாகவே ஏறி வரும். கடையில் வாங்கிய குஞ்சுகளுடன் வேற்றினங்களும் நோய்களும் வந்துவிடலாம்.

முதலில் ஒரு மழைநாளில், குடையுடனும் பாதுகாப்பாகவும், மாணவர்களைக் கரையோரமாக மேல்நோக்கி நடத்திச் செல்லுங்கள். தெளிந்த நீர் எந்த இடத்திலிருந்து கலங்குகிறதோ, அங்கே நின்று பக்கத்தைப் பாருங்கள்: ஒரு வீதி வடிகானோ, வெட்டிய மேடோ, விளையாட்டு மைதானத்தின் வெறுந்தரையோ இருக்கும். பாடசாலையின் கூரைநீரே அந்த வெறுந்தரையில் கொட்டுவதாயின், வேலை வீட்டிலிருந்தே தொடங்குகிறது. அந்த ஊற்றுக்கண் அடைபடும்வரை ஓடைக்குள் இறங்கி எதையும் செய்யாதீர்கள். செய்ததெல்லாம் சேற்றில் புதைந்துவிடும். அதன் பின்னர் கரையோர மரங்கள். அவையும் வேர்பிடித்த பின்னரே ஓடைக்குள் கைவைக்கலாம். அப்போதும் சேர்ப்பதைவிட விட்டுவைப்பதே முக்கியம். விழுந்த கிளையை இழுத்துப் போடாமல் விட்டால் அதன் பின்னால் ஒரு மடு உருவாகும். இலைச்சருகைக் கூட்டி அள்ளாமல் விட்டால் பூச்சிகளுக்கு உணவாகும். குப்பையை எடுக்கும் மாணவர்களிடம், பொலித்தீனை எடுங்கள், மரக்கிளையை எடுக்காதீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஓடை ஒதுக்குநிலத்தின் எல்லை எதுவென்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அங்கே மரம் நடுவதற்கு எழுத்துமூல அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது.

முன்னேற்றத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆழம் குறைந்த, நீர் சலசலத்து ஓடும் இடத்தில், உள்ளங்கையளவு கற்கள் இருபதைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றும் எத்தனை பங்கு சேற்றில் புதைந்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். பின் அவற்றைப் புரட்டி, அடியில் ஊரும் உயிர்களை எண்ணி, படம் வரைந்து, மெதுவாக அதே இடத்தில் அதே பக்கமாகத் திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் எண்ணி, இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், இப்பகுதியில் வெளியிடுகிறேன்.